வடபாதையின் வியாதியும் கொழும்பின் வைத்தியக் கல்லூரியும்

நாவுலச் சந்தியில் நின்று வடக்கே நோக்கினால் தம்புள்ளையைக் கடந்து யாழ்ப்பாணம் வரைக்கும், தெற்கே திரும்பினால் நாலந்தா, மாத்தளை வழியாகக் கண்டி வரைக்கும் செல்கின்ற பெருவீதியானது, இன்று நமக்கு வெறும் பிரயாண மார்க்கமாகவே தோன்றுகின்றதாயினும், நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் இவ்வழியே நடந்தவர்களுக்கு அது ஜீவமரணப் போராட்டத்தின் களமாகவே இருந்தது. மன்னார்க் கரையில் இறங்கிக் கங்காணியின் பின்னால் காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்த நம் முன்னோரையும், வாந்திபேதியாலும் அம்மையாலும் அடையாமலே வழியில் மாண்டவர்களையும் குறித்துச் சென்ற இதழில் எழுதினோம். அவர்கள் கடந்துவந்த காட்டுக் கிராமங்களிலே காலாகாலமாகக் குடியிருந்த ஜனங்களின் கதி யாது என்பதையும், அவர்களுடைய துன்பத்திலிருந்தே இலங்கையின் முதலாவது அரசாங்க வைத்தியக் கல்லூரி உற்பத்தியான விருத்தாந்தத்தையும் இவ்வாரம் கூறப் புகுகின்றோம்.

தம்புள்ளைக்கு அப்பால் நுவரகலாவியாவும் அதற்கும் வடக்கே வன்னியும் அக்காலத்தில் குடி குறைந்து, குளம் உடைந்து, வயல் காடாகிக் கிடந்தன. அங்குள்ள ஜனங்களைச் சிங்களவர் தமிழர் என்ற பேதமின்றிப் பீடித்த கொடுநோய்கள் இரண்டு. ஒன்று, இன்னின்ன நாளில் வரும் என்று கணக்குச் சொல்லத்தக்கதாய்க் குளிரும் நடுக்கமுமாக வந்து போகும் முறைக்காய்ச்சல். அது நுளம்பினால் பரவும் மலேரியா என்பது 1897ஆம் ஆண்டு ரொனால்ட் ரோஸ் ஆராய்ந்து கண்ட பின்னரே உலகுக்குத் தெரிந்தது. மற்றையது பறங்கிப் புண். பறங்கியர் எனப்பட்ட போர்த்துக்கேயரோடு இந்நாட்டுக்கு வந்தது என்ற எண்ணத்தினால் தமிழரும் சிங்களவரும் அதற்கு அந்தப் பெயரையே இட்டு வழங்கினர். முதலில் ஒரு சிறு கொப்புளமாகத் தோன்றி, உடலெங்கும் புண்ணாகப் படர்ந்து, காலப்போக்கில் எலும்பையும் மூட்டையும் பற்றி மனிதனை முடமாக்கும் இந்நோய் உடனே உயிரைக் கொண்டுபோவதில்லை. கைகால் வழங்காதவனாக்கி, அவனுடைய வயலைத் தரிசாக்கி, குடும்பத்தைப் பட்டினியில் விட்டு மெல்ல மெல்ல ஊரையே அழிக்கும். தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தைக்கும் அது தொற்றும். உழுபவனை முடக்கும் வியாதிக்கும் ஊர் பாழாவதற்கும் உள்ள சம்பந்தத்தை அரசாங்கம் உணர்வதற்கு நெடுங்காலம் சென்றது.

உணர்த்தியவர் ஜேம்ஸ் லூஸ் என்னும் வைத்தியர். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிய வகுப்பைச் சேர்ந்தவர். வட மாகாணத்தின் அரசாங்க வைத்தியராக யாழ்ப்பாணத்தில் கடமையாற்றியவர். வன்னியில் குடித்தொகை ஏன் குறைகின்றது என்று விசாரித்து அறிக்கையிடும்படி 1860களின் பிற்பகுதியில் அவருக்குக் கட்டளை பிறந்தது. அவர் தம் அறிக்கையில் வியாதியின் கொடுமையை விவரித்ததோடு அமையாமல், அந்த ஜனங்களுக்கு ஆஸ்பத்திரிகள் வேண்டும் என்றும், ஆஸ்பத்திரிக்கு வைத்தியர் வேண்டுமாதலால் அவர்களை இந்நாட்டிலேயே பயிற்றுவிக்க ஒரு பாடசாலை வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். ஒரு சிபார்சிலிருந்து மற்றொன்று இவ்வாறு இயல்பாகப் பிறந்ததே அவ்வறிக்கையின் பெருமை என்று நாம் கருதுகிறோம். அதுவரையில் இலங்கை மாணவர் சிலரைக் கல்கத்தாவிலிருந்த வங்காள வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பிப் பயிற்றுவிப்பதே அரசாங்கத்தின் வழக்கமாயிருந்தது. கடல் கடந்து போய்ப் படித்து வந்தவர்கள் ஒரு சிலரே. அவர்களும் பட்டினங்களுக்கே போதாதவராயினர்.

இவ்விடத்தில் நம் பெருவீதியின் வடகோடிக்குச் சற்றுச் செல்ல வேண்டும். கொழும்பிலே வைத்தியக் கல்லூரி என்ற பேச்சு எழுவதற்கு ஏறத்தாழ இருபது வருஷங்களுக்கு முன்னரே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு வைத்தியப் பாடசாலை நடைபெற்று வந்தது. அதை நடத்தியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் இராச்சியத்தில் 1822இல் பிறந்து, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, மறுவருஷம் முதல் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்தும் மாணவரைப் பயிற்றியும் வாழ்ந்த அப்பெரியார், முதலில் ஆங்கிலத்திலே கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவன் உத்தியோகம் தேடிப் பட்டினத்துக்குப் போய்விடுகிறான், கிராமத்து நோயாளி நோயாளியாகவே இருக்கிறான் என்பதை அநுபவத்திற் கண்டபின், 1860களில் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கத் துணிந்தார். துணிந்தார் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகின்றோம். பாடப்புத்தகம் ஒன்றேனும் இல்லாத மொழியிலே, எலும்புக்கும் நரம்புக்கும் தசைக்கும் பெயர் தேடி, தம்மிடம் பயின்றவர்களையே துணைகொண்டு, அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் என ஒவ்வொரு சாஸ்திரத்திற்கும் நூலை ஆக்குவித்து அச்சேற்றினார். கிரே என்பவர் எழுதிய உலகப் பிரசித்தி பெற்ற அங்காதிபாத நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரோடு தமிழில் வெளிவந்ததென்றால், அந்த முயற்சியின் அளவை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். அவர் கையால் வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டவர். 1873இல் தம் தேசம் திரும்பி 1884இல் காலமான கிறீன், தமிழருக்கு வைத்தியத் தொண்டு புரிந்தவர் என்றே தம் கல்லறையில் எழுதப்பட வேண்டுமென்று விரும்பினார், அவ்வாறே எழுதப்பட்டது.

வீதியின் ஒரு கோடியில் இத்தகைய கைங்கரியம் நடந்துகொண்டிருக்க, நடுவிலுள்ள காட்டுப் பிரதேசம் வைத்தியர் முகத்தையே காணாமல் அழிந்துகொண்டிருந்த நிலையிலேதான், தேசாதிபதி சேர் ஹெர்கியூலிஸ் றொபின்சன் 1870ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாம் திகதி கொழும்பில் இலங்கை வைத்தியப் பாடசாலையைத் திறந்துவைத்தார். திறந்துவைத்தார் என்றவுடன் மாடமாளிகை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாகாது. கொழும்புப் பெரியாஸ்பத்திரியின் பெண் நோயாளர் வாட்டு ஒன்றே பாடசாலை. உபாத்தியாயர் மூவர், மாணவர் இருபத்தைந்து பேர், படிப்பு மூன்று வருஷம். தேறியவர்கள் அரசாங்க உதவி வைத்தியராகி மாகாணங்களுக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். முதல் அதிபராக நியமிக்கப்பட்டவர் வேறு யாருமல்லர், வன்னி அறிக்கையை எழுதிய ஜேம்ஸ் லூஸ். குறையைக் கண்டு சொன்னவனிடமே அதைத் தீர்க்கும் பொறுப்பையும் ஒப்படைப்பது அரசாங்கங்களிடம் அபூர்வமாகவே காணப்படும் விவேகம். அன்று அது நிகழ்ந்தது.

பாடசாலை வாட்டிலிருந்து வெளியே வந்தது தர்மவான்களின் கொடையினால். முதலியார் சாம்சன் ராஜபக்ஷ நிலம் வழங்கினார். இன்றும் கொழும்பு மருத்துவ பீடம் அந்த நிலத்திலேதான் நிற்கின்றது. முதலியார் சுசேவ் டி சொய்சா 1875இல் கட்டடம் அமைத்துக் கொடுத்தார். அதே ஆண்டில் லூஸுக்குப் பின் அதிபரான ஈ. எல். கொக் என்பவரின் சரித்திரம் உள்ளத்தை உருக்குவது. பிரேத பரிசோதனை ஒன்றின்போது தொற்றிய விஷத்தினால் அவர் 1877இல் உயிர் துறந்தார். கையுறையும் கிருமிநாசினி முறைகளும் வழக்கத்திற்கு வராத அக்காலத்தில், பிரேதத்தின் முன் கத்தியோடு நின்ற ஒவ்வொரு போதகரும் ஒவ்வொரு நாளும் தம் உயிரைப் பணயம் வைத்தே கற்பித்தனர். கொக்கின் ஞாபகமாக 1881இல் எழுப்பப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம், கல்லூரி வீதியில் போவோர் வருவோருக்கு இன்றும் நேரம் காட்டி நிற்கின்றது. அவ்வழியே செல்லும் வாசகர், அடுத்த முறை அதன்கீழ் ஒரு கணம் நின்று அப்பெயரை வாசித்துவிட்டுச் செல்வாராக.

1880இல் பாடசாலை ‘இலங்கை வைத்தியக் கல்லூரி’ என்ற பெயரைப் பெற்றது. பெயரோடு படிப்பின் காலமும் வளர்ந்தது. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் பிரித்தானிய வைத்திய சபையும் அதன் பட்டத்தை அங்கீகரித்தது. 1892இல் பெண்கள் சேர்க்கப்பட்டனர். ஆண் வைத்தியரிடம் நோயைச் சொல்லவும் கூசி மாண்ட தாய்மார் எத்தனை பேர் என்பதை நினைப்பவர்கள், இந்த ஒரு வரியை வெறும் ஆண்டுக் குறிப்பாக வாசித்துச் செல்ல மாட்டார்கள்.

ஆனால், கல்லூரி பிறக்கக் காரணமான காட்டு ஜனங்களுக்கு அதனால் விளைந்த நன்மை யாது? இந்த வினாவுக்கு மகிழ்ச்சியான விடை உடனே கிடைப்பதில்லை. றொபின்சனுக்குப் பின் வந்த தேசாதிபதி வில்லியம் கிறகோரி, 1873இல் வடமத்திய மாகாணத்தைப் பிரித்து அமைத்து, உடைந்த குளங்களைத் திருத்துவதிலும் பறங்கி நோயாளருக்குச் சிகிச்சை அளிப்பதிலும் ஊக்கம் காட்டினார். பிரதம வைத்திய அதிகாரியாயிருந்த கின்சி 1881இல் பறங்கி நோயைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்வதற்கென்று 1872இல் ஒரு சட்டம் பிறந்தது. மாத்தளைத் தோட்டங்களின் லயங்களுக்கும் அது உரியதே. இவையெல்லாம் மெய். எனினும் ஆங்கிலத்திலே படித்து, கொழும்பிலே பழகி, அங்கே வீடும் தொழிலும் அமைத்துக்கொள்ளக் கூடிய ஒருவர், காய்ச்சல் நிறைந்த காட்டிலே போய்க் குடியிருக்க விரும்புதல் அரிது. மானிப்பாயில் கிறீன் கண்ட அதே உண்மையைக் கொழும்பு பின்னர் பல தலைமுறைகளாகக் கண்டது. தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வைத்தியக் கல்வி அன்றே ஊன்றி வளர்க்கப்பட்டிருக்குமாயின் நம் கிராமங்களின் சரித்திரம் வேறு விதமாய் இருந்திருக்கும் என்பது எமது அபிப்பிராயம். கிறீனுக்குப் பின் அவருடைய முறை தொடரப்படாமற் போனதைத் தமிழர் நாம் நமது பெருநஷ்டங்களுள் ஒன்றாக எண்ண வேண்டும்.

பறங்கிப் புண்ணின் மர்மம் வெளிப்பட்டதும் கொழும்பிலேதான். 1903இல் இலங்கைக்கு வந்து, உஷ்ண தேச வியாதிகளை ஆராய்ந்தும் கல்லூரியில் போதித்தும் வந்த இத்தாலிய வைத்தியர் அல்டோ காஸ்தெல்லானி, 1905இல் அந்நோயாளரின் புண்ணிலே திருகுச்சுருள் வடிவான நுண்ணுயிர் ஒன்றைக் கண்டு, அதுவே காரணம் என்று உலகுக்கு அறிவித்தார். எந்த வியாதியின் பொருட்டுப் பாடசாலை எழுந்ததோ, அந்த வியாதியின் வேர் முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் அதே நகரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு ஆர்செனிக் கலந்த ஊசி மருந்தும், பின்னாளில் பெனிசிலினும் வந்து, ஒரு காலத்தில் ஊர்களைக் காலியாக்கிய நோய், இளந்தலைமுறையினர் பெயரும் அறியாத ஒன்றாய் மறைந்தது.

கல்லூரி பல்கலைக்கழகத்தின் அங்கமான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906 முதல் வேண்டிப் போராடிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஜூலை முதலாம் திகதி ஐவர் ஜெனிங்ஸ் என்பவரைத் துணைவேந்தராகக் கொண்டு உதயமாயிற்று. வைத்தியக் கல்லூரி அதன் மருத்துவ பீடமாகியது. யாழ்ப்பாணத்து வம்சத்தவரான மில்றோய் போல், கொழும்பிலே சத்திரசிகிச்சைத் துறையின் முதற் பேராசிரியராக விளங்கியதை இங்கே குறிப்பிடுதல் தகும்.

மலைநாட்டார்க்கு இதைவிட முக்கியமானது 1962ஆம் ஆண்டு. அவ்வாண்டிலேயே இரண்டாவது மருத்துவ பீடம் பேராதனையில் தொடங்கப்பட்டது. ஆரம்பப் பாடங்கள் பேராதனையிலும், நோயாளரருகே நின்று கற்கும் பயிற்சி கண்டிப் பெரியாஸ்பத்திரியிலும் நடைபெற்றன. 1967இல் அதன் பீடாதிபதியான பேராசிரியர் சேனக பிபிலே, ஏழைக்கு எட்டும் விலையில் மருந்து கிடைக்க வேண்டும் என்பதற்காக உழைத்து, 1971இல் அரசாங்க மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் அமையக் காரணராகி, 1977இல் அதே பணியின் நிமித்தம் கயானா தேசத்திலிருந்தபோது காலமானார். பீடத்தின் அருகே பேராதனைப் போதனா வைத்தியசாலை 1980இல் திறக்கப்பட்டது. வடக்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் 1978இல் ஆரம்பமாகியிருந்தது. ஆகவே நம் பெருவீதியின் இரு கோடிகளிலும் இப்பொழுது பல்கலைக்கழக மருத்துவ பீடங்கள் உள்ளன.

விடியுமுன் நாவுலப் பஸ் தரிப்பில், கிளினிக் கொப்பியைப் பையில் பத்திரமாகச் செருகிக்கொண்டு, மாத்தளைக்கும் கண்டிக்கும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் தாய்மாரையும் தள்ளாத முதியவரையும் பார்க்கும்போதெல்லாம் லூஸின் அறிக்கை எம் நினைவுக்கு வருகின்றது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் பயின்று வெளிவரும் இளம் வைத்தியர்கள், தம் கல்லூரிகளுக்கெல்லாம் மூத்த கல்லூரி எந்தக் கிராமத்தாரின் புண்ணைக் கண்டு எழுந்தது என்பதை அறிந்து, இவ்வீதியோரத்துச் சிறிய ஆஸ்பத்திரிகளில் நியமனம் கிடைத்தால் அதை ஒரு தண்டனையாக எண்ணாமல் மனமுவந்து ஏற்க வேண்டும் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

வாசகருக்கும் ஒரு விண்ணப்பம். பறங்கிப் புண்ணுக்கு ஊசி போட்ட காலத்தைக் கண்ணாற் கண்ட முதியோர் நாவுல, நாலந்தா, தம்புள்ளைப் பகுதிகளில் இன்னும் சிலர் இருக்கக்கூடும். தம் பாட்டனோ பூட்டனோ இப்பக்கத்தில் அப்போதிக்கரியாகக் கடமை பார்த்த குடும்பத்தவரும் இருக்கலாம். அவர்களுடைய ஞாபகங்களையும், வீட்டிலுள்ள பழைய பத்திரங்களையும், மானிப்பாயில் அச்சான வைத்திய நூல்கள் எவரிடமேனும் இருக்குமாயின் அவற்றின் விபரத்தையும் எழுதி அனுப்பினால், தொடர்ந்து வரும் இதழ்களில் நன்றியோடு சேர்த்துக்கொள்வோம்.