குறுக்கு விசைகளும் பயனர் உரிமையும்: ஈமேக்ஸ் உரைத்தொகுப்பியின் வரலாற்றை முன்வைத்து

முன்னுரை

கணினியில் எழுதுவோர் ஒரு கட்டளையை நிறைவேற்றச் சில விசைகளைச் சேர்த்து அழுத்துவது இன்று இயல்பான பழக்கமாகும். அவ்விசைகளின் பொருளை முடிவுசெய்பவர் மென்பொருளை உருவாக்கியவரா, பயன்படுத்துபவரா என்னும் வினா அரை நூற்றாண்டுப் பழமையுடையது. ஈமேக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியின் வரலாற்றில் அவ்வினா எதிர்கொள்ளப்பட்ட விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

விசைக்கு நிரல்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் டான் மர்ஃபி, டெக்கோ என்னும் தொகுப்பியை உருவாக்கினார். காகித நாடாவில் துளையிடப்பட்ட உரையைத் திருத்துவதற்கென எழுந்த அதன் கட்டளைகள் பெரும்பாலும் ஓரெழுத்துக் கட்டளைகள். அவற்றைத் தொடுத்தால் ஒரு குறுநிரல் உருவாகும். பின்னர், அக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் கார்ல் மிக்கெல்சன், திருத்தங்கள் உடனுக்குடன் திரையில் தோன்றும் முறையை அதில் சேர்த்தார். 1970களில் ரிச்சர்டு ஸ்டால்மன் அம்முறையை மேம்படுத்தி, பயனர் தாம் விரும்பும் விசையுடன் தாம் எழுதிய குறுநிரலை இணைக்க வழிசெய்தார்.

உரிமையும் குழப்பமும்

இவ்வுரிமையே ஒரு சிக்கலையும் தோற்றுவித்தது. ஆய்வகத்தினர் தத்தம் விருப்பப்படி விசைத்தொகுதிகளை அமைத்துக்கொண்டனர். ஒருவருடைய அமைப்பில் பழகிய விசை, மற்றொருவருடைய அமைப்பில் வேறொன்றைச் செய்தது. இந்நிலையில், 1976இல் கை ஸ்டீல் வெவ்வேறு தொகுதிகளை ஒப்பிட்டு, ஒரு பொதுத்தொகுதியை உருவாக்கும் பணியைத் தொடங்கினார். ஸ்டால்மன் அதனை முன்னெடுத்து முழுமையாக்கினார். 'தொகுப்புக் குறுநிரல்கள்' எனப் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே ஈமேக்ஸ் என்னும் பெயராகும். பொதுத்தொகுதி அமைந்த பின்னரும் விசைகளை மாற்றும் உரிமை நீக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஒதுக்கப்பட்ட இடம்

1985இல் வெளிவந்த குனு ஈமேக்ஸ் இவ்வுரிமையைத் தொடர்ந்து பேணியது. அதில் 'அ' போன்ற ஓர் எழுத்தைத் தட்டுவதும்கூட, அவ்வெழுத்தை உரையில் இடும் ஒரு கட்டளையை இயக்குவதேயாகும். ஆகவே அதனையும் பயனர் மாற்றலாம். மேலும், கண்ட்ரோல்-சி அழுத்தியபின் ஓர் ஆங்கில எழுத்தை அழுத்தும் சேர்க்கைகள் பயனருக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. துணைநிரல் எழுதுவோர் அவற்றைக் கைக்கொள்ளலாகாது என்பது அதன் நிரலாக்க மரபாகும்.

முடிவுரை

குறுக்கு விசைகளின் பயன் பெரும்பாலும் வேகத்தைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. ஈமேக்ஸின் வரலாறோ அவற்றைப் பொதுமைக்கும் தனியுரிமைக்கும் இடையிலான உடன்பாடாகக் காட்டுகிறது. வரம்பற்ற உரிமை, பயனர்கள் ஒருவரோடொருவர் இணைந்து பணியாற்றுவதற்குத் தடையாயிற்று. பொது அமைப்பு அத்தடையை நீக்கியது. பயனருக்கென இடம் ஒதுக்கும் மரபு அவ்வுரிமையைக் காத்தது எனலாம்.