வகுப்பறைத் திட்டமிடலில் முறைமை அணுகுமுறை: திண்ணைப் பள்ளி முதல் கற்றல் ஏணி வரை

முன்னுரை

நோக்கம், உள்ளீடு, செயற்பாடு, வெளியீடு, பின்னூட்டம் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைந்த உறுப்புகளாகக் கொண்டு கற்பித்தலைத் திட்டமிடுவது முறைமை அணுகுமுறை எனப்படும். இரண்டாம் உலகப்போர்க் காலப் படைப்பயிற்சியில் வளர்ந்த இச்சிந்தனை, இராபர்ட் காக்னே 1965-இலும் வால்ட்டர் டிக், லூ கேரி ஆகியோர் 1978-இலும் வெளியிட்ட நூல்களால் கல்வியியலில் நிலைபெற்றது. பெயர் புதியதாயினும் அது சுட்டும் திட்டமிடல் தமிழகத்திற்குப் புதியதன்று. பின்னூட்டம் எதற்குப் பயன்படுகிறது என்பதே ஒரு முறைமையின் இயல்பைத் தீர்மானிக்கிறது என்பதை மூன்று சான்றுகள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திண்ணைப் பள்ளி

திண்ணைப் பள்ளியில் வயதன்று, அடைவே படிநிலையை வரையறுத்தது. மாணவர் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் பெற்றனர். எண்சுவடி மனப்பாடமாயிற்று. மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இளையோரிடம் பாடம் கேட்டார். தவறு உடனுக்குடன் வெளிப்பட்டது. ஆனால் அதற்குக் கிடைத்த மறுமொழி பெரும்பாலும் பிரம்படியே. பின்னூட்டம் இருந்தது, அது கற்பிக்கும் முறையை மாற்றவில்லை.

எழும்பூரில் ஒரு சோதனை

1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்த முனைந்தார். ஆசிரியர்கள் ஒத்துழையாத நிலையில், எட்டு வயதுச் சிறுவன் ஜான் பிரிஸ்கனிடம் அப்பணியை ஒப்படைத்து வெற்றி கண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பித்தல், பாடத்தைச் சிறு கூறுகளாகப் பகுத்தல், அன்றாட முன்னேற்றத்தைப் பதிவேட்டில் குறித்தல் ஆகியவை இதன் கூறுகள். 1797-இல் இலண்டனில் வெளியான பெல்லின் நூல்வழி இது ‘மெட்ராஸ் முறை’ எனப் புகழ்பெற்றது. ஜோசப் லங்காஸ்டரின் ஒத்த முறையும் பரவியது. 1815 முதல் பிரான்சிலும் இத்தகைய பள்ளிகள் பெருகின. ஆயினும் இங்கிலாந்தில் இதன் பெருங்கவர்ச்சி செலவுக் குறைவே. ஓர் ஆசிரியரைக்கொண்டு நூற்றுக்கணக்கானோரை நடத்துவதே குறிக்கோளானபோது, பதிவேடு கண்காணிப்புக் கருவியாகச் சுருங்கியது.

கற்றல் ஏணி

ஆந்திரத்தின் ரிஷிவேலிக் கிராமப் பள்ளிகளில் உருவான கற்றல் ஏணியும் அட்டைகளும், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலாகத் தொடங்கிப் பின்னர்த் தமிழகம் முழுவதும் விரிந்தன. ஒவ்வொரு குழந்தையும் தன் படியில் நின்று கற்கும். மதிப்பீட்டு அட்டையில் இடர்ப்பட்டால் குறைதீர் கற்றலுக்குச் செல்லும். ஆசிரியர் உதவி, சகமாணவர் உதவி, தானே கற்றல் எனக் குழுக்களும் மாறும். இங்குப் பின்னூட்டம் தண்டனையாகாமல், குழந்தையின் அடுத்த செயலைத் தீர்மானிக்கிறது. எனினும் அட்டைகளை வரிசையாக முடிப்பதே இலக்காகிவிட்டால் இதுவும் பதிவேட்டுப் பணியாகிவிடும்.

முடிவுரை

சகமாணவர், படிநிலை ஆகிய உள்ளீடுகள் இம்மூன்றிலும் பெரிதும் ஒத்தவை, விளைவுகளோ வேறு. அவ்வேறுபாடு பின்னூட்டத்தின் பயனால் அமைந்தது. ஆகவே ஒரு பாடத்திட்டத்தை மதிப்பிடுவோர், நோக்கங்கள் முறையாக எழுதப்பட்டுள்ளனவா என்பதோடு நிறைவடையலாகாது. ஒரு மாணவரின் தவறு மறுநாள் வகுப்பில் எதனை மாற்றுகிறது என்பதே அவர்கள் எழுப்பவேண்டிய வினா.