கட்டிலை விட்டெழுந்த முதுமை

முதியவர் விழுந்துவிடுவார் என்னும் அச்சமே முதியோர் இல்லங்களை நெடுங்காலம் ஆண்டு வந்தது. விழாமல் காக்க அக்காலத்தார் கண்ட வழி படுக்கை ஒன்றே. கட்டிலின் இருபுறமும் தடுப்புக் கம்பிகள். எழ முயல்வோர்க்குக் கடிந்துரை. காவல் எனக் கருதப்பட்ட அதுவே கால்களின் வலுவைப் போக்கியது.

1935ஆம் ஆண்டில், இலண்டனை அடுத்த ஐசில்வொர்த்தில், ஏழையர் விடுதியொன்றின் நோயாளிகள் 714 பேர் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையின் பொறுப்புக்கு வந்தனர். டாக்டர் மார்ஜரி வாரன் அம்மையார் அவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து வகைப்படுத்தினார். தீராத நோயாளர் எனக் கிடத்தப்பட்டோருள் பலர் உண்மையில் எழுப்பப்படாதவர்களே! பயிற்சியளித்ததும் பலர் நடந்தனர். சிலர் வீடும் திரும்பினர். 1947இல் டாக்டர் ரிச்சர்டு ஆஷர், படுக்கையால் விளையும் கேடுகளை உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டிக் கட்டுரை வரைந்தார்: நாளங்களில் குருதி உறையும், எலும்பு சுண்ணச்சத்தை இழக்கும், தசை தேயும்.

எனினும் தொண்ணூறு வயதினர் எடை தூக்குவதா? நகைப்புக்கிடமாகத் தோன்றிய இவ்வினாவுக்கு 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விடை கிடைத்தது. டாக்டர் மரியா ஃபியாட்டரோனும் அவர்தம் குழுவினரும் இல்லவாசிகள் பத்துப் பேரைத் தேர்ந்தனர். அவர்களின் சராசரி வயது 90. வாரம் மும்முறை, எட்டு வாரங்கள், காலால் எடையை உந்தித் தூக்கும் பயிற்சி. எடை பெயரளவுக்கானதன்று, அவரவர் ஒருமுறை தூக்கவல்ல உச்ச அளவில் நூற்றுக்கு 80 பங்கு வரை உயர்த்தப்பட்டது. பயிற்சியை முடித்த ஒன்பதின்மரின் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு பெருகிற்று. இருவர் கைத்தடியைத் துறந்தனர். அதுகாறும் முதுமையின் மேல் சுமத்தப்பட்ட பழியில் பெரும்பகுதி சோம்பியிருத்தலுக்கே உரியது என்பது புலனாயிற்று. ஆனால், பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் அவர்தம் வலு 32 விழுக்காடு குன்றியது.

வலு கூடினால் விழுதல் குறையுமா என்பது வேறு வினா. ஆஸ்திரேலியாவில் 16 இல்லங்களைச் சேர்ந்த 221 முதியோரிடம் நிகழ்ந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஒவ்வொருவரின் ஆற்றலுக்கேற்பத் தசைப்பயிற்சியும் நிலைதடுமாறாமைப் பயிற்சியும் வாரம் இருமுறை, 25 வாரங்கள் அளிக்கப்பட்டன. பாஸ்டனில் கண்ட குறையை உணர்ந்தார் போல், அதன் பின்னரும் எளிய பயிற்சிகள் ஆறு மாதம் தொடர்ந்தன. ஓராண்டு முடிவில், பயிற்சி பெறாதாரினும் பெற்றோர் விழுந்த விகிதம் 55 விழுக்காடு குறைந்திருந்தது.