சி. பி. கிருஷ்ணன் நாயர்

கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் (பெப்ரவரி 9, 1922 – மே 17, 2014) இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியப் படையில் பணியாற்றிப் பின்னர் கைத்தறித் துணி வணிகரானவர். லீலா விடுதிகளின் நிறுவனர் என்றே பரவலாக அறியப்படுகிறார். எனினும் மெட்ராஸ் துணியை அமெரிக்காவில் புகழ்பெறச் செய்ததில் இவரது பங்கு குறிப்பிடத்தக்கது.

வாழ்க்கை

கேரளத்தின் கண்ணூரில் பிறந்தார். படையில் கம்பியில்லாத் தந்திப் பிரிவு அலுவலராக, இன்று பாகிஸ்தானிலுள்ள அபோட்டாபாத்தில் பணிபுரிந்தார். 1951 இல் படையிலிருந்து விலகி, மனைவி லீலாவின் தந்தை நடத்திவந்த கைத்தறித் தொழிலில் சேர்ந்தார்.

சாயம் போகும் மெட்ராஸ்

1958 இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் நாயரிடம் மெட்ராஸ் கட்டம்போட்ட துணியை வாங்கினார். இயற்கைச் சாயமேற்றிய அத்துணியைக் குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று நாயர் எச்சரித்திருந்தார். புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்திற்கு 10,000 கெஜம் விற்ற ஜேக்கப்சன் இதைத் தெரிவிக்கவில்லை. துவைத்த ஆடைகளில் சாயம் ஓடியது, வாங்கியவர்கள் கொதித்தனர். வழக்கு அச்சுறுத்தலுடன் நாயர் நியூயார்க்குக்கு அழைக்கப்பட்டார்.

நம் ஊர்க் கடைகளில் இத்தகைய துணி திரும்பி வந்திருக்கும். ஆனால் அங்கே 'செவன்டீன்' இதழின் ஆசிரியரிடம் நாயர் அளித்த நேர்காணல் நிலைமையை மாற்றியது. ஒவ்வொரு சலவையிலும் புதுநிறம் பெறும் கைத்தறி அதிசயமாக அவ்விதழ் அதை விவரித்தது. குறையே விளம்பரமாகி, 'பிளீடிங் மெட்ராஸ்' என்ற பெயரில் துணி விற்றது. இந்நிகழ்வு பெரும்பாலும் நாயரின் கூற்றை ஒட்டியே சொல்லப்படுகிறது.

பிற்காலம்

ஆடை ஏற்றுமதியில் ஈடுபட்ட பின், 1986 இல் மும்பையில் தம் முதல் விடுதியைத் திறந்து அதற்கு மனைவியின் பெயரைச் சூட்டினார். 2010 இல் பத்ம பூசண் விருது பெற்றார்.