பசித்த தண்ணீர்

வீட்டில் நீச்சல்குளம் வைத்திருக்கிற யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "குளோரின் அவ்வளவு கொட்டியும் தண்ணி பச்சையாவே இருக்கு, ஏன்னே தெரியல" என்று ஒரு தடவையாவது புலம்பியிருப்பார். பல சமயம் கோளாறு குளோரினில் இல்லை, பி.எச். என்கிற எண்ணில் இருக்கும்.

அந்த எண் பீர் ஆலைக்காரர்களின் சோதனைச்சாலையில் பிறந்தது. 1909இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்து வேதியியல் பிரிவின் தலைவர் சோரென்சென், அமிலத்தைப் பொறுத்து நொதிகளின் வேலை எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஹைட்ரஜன் அயனிகளின் அளவை எழுதப் புள்ளிக்குப் பின் வரிசையாக சைபர் போட வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை வேண்டாமென்று மடக்கையில் சுருக்கிவிட்டார். எண் ஒன்று கூடினால் அயனிகள் பத்தில் ஒரு பங்காகிவிடும். 7.5க்கும் 8.5க்கும் உள்ள தூரம் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிறது. வீட்டுக்காரர் ஏமாறுவது அங்கேதான்.

தண்ணீரில் குளோரின் இரண்டு உருவம் எடுக்கும். கிருமியைக் கொல்லும் வீரியமெல்லாம் ஹைப்போகுளோரஸ் அமிலத்துக்கு. மற்றதான ஹைப்போகுளோரைட், ஏறக்குறைய சோம்பேறி. பி.எச். 7.5இல் இரண்டும் சுமார் பாதிக்குப் பாதி. 8.5இல் வேலைக்காரர் பத்தில் ஒருவர்தான். சோதனைக் குப்பியோ குளோரின் இருக்கிறது என்றே நிறம் காட்டும்.

சரி, அமிலத்தை ஊற்றி இறக்கிவிடலாமே? ஊற்றலாம். ஆனால் ஊற்ற ஊற்றத் தண்ணீரின் காரத்தன்மையும் கரைந்துபோகும்; பி.எச்.சைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

இங்கே லாங்கலியர் வருகிறார். பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர். அவருடைய கவலை நகரத்துக் குடிநீர்க் குழாய்கள் அரித்துப்போவது. நீச்சல்குளமெல்லாம் அவர் நினைப்பிலேயே இல்லை. 1936இல் ஒரு கணக்கு வெளியிட்டார். பி.எச்., வெப்பம், காரத்தன்மை, கால்சியம், கரைந்த உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், இந்தத் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைக்குமா, படியவைக்குமா என்று சொல்லிவிடலாம். சைபர் வந்தால் சமநிலை. அதற்கு மேலே போனால் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பார்க்கிறோமே, அந்த வெள்ளைப் பொருக்கு. கீழே போனால் தண்ணீருக்குப் பசி. குளத்துச் சுவரில் பூசிய சிமென்டிலிருந்தே சுண்ணாம்பைத் தின்ன ஆரம்பிக்கும். பளிங்கு மாதிரித் தெளிவாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஒருநாள் பிள்ளைகள் முழங்கால் சிராய்த்துக்கொண்டு வருவார்கள். தடவிப் பார்த்தால் சுவர் உப்புத்தாளாகியிருக்கும்.

என்னைக் கேட்டால், குளோரின் டப்பாவை விட இந்தக் கணக்குதான் வீட்டுக்காரருக்கு அவசியம். அதிலும் ஒரு குறை உண்டு. தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது சொல்லும், எவ்வளவு தின்னும் என்று சொல்லாது. போதாததற்கு, அவர் போட்டது மூடிய குழாய்க்கான கணக்கு. குளமோ வெயிலில் திறந்து கிடக்கிறது. கரியமிலவாயு மெல்ல வெளியேற, பி.எச். தானாகவே ஏறும். தண்ணீர் ஆவியாகும், சுண்ணாம்பு மட்டும் தங்கிவிடும். போன வாரம் சரியாக வைத்த எண்ணை இந்த வாரம் மறுபடியும் பார்க்க வேண்டும்.