தோட்டத் தொழிலாளர் ஓய்வுக்காலப் பணம் (மலேசியா)

மலேசியாவின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் உழைத்தவர்கள் வேலையை விட்ட பிறகோ, உழைக்க முடியாமல் போகும்போதோ பெறும் தொகைகள் தோட்டத் தொழிலாளர் ஓய்வுக்காலப் பணம் என வழங்கும். இவற்றில் முதன்மையானவை இரண்டு. ஒன்று, 1951இல் தோன்றிய ஊழியர் சேமநிதி. மற்றொன்று, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைந்த சமூகப் பாதுகாப்பு நிறுவனம். மக்கள் இதைச் சொக்சோ என்பார்கள். முன்னது சேமிப்பு, பின்னது காப்புறுதி. அரசு ஊழியர் பெறுவது போன்ற ஆயுள் முழுதுக்குமான மாத ஓய்வூதியம் தோட்டத் தொழிலாளருக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை.

பேராக் மாநிலத்தின் தெற்கில், பத்தாங் பாடாங் மாவட்டத்தில் உள்ள சுங்காய் இந்த வரலாற்றின் எல்லாக் கட்டங்களையும் கண்ட வட்டாரத்தைச் சேர்ந்தது. தாப்பா ரோடு, சுங்காய், சிலிம் ரிவர் என ரயில் பாதையை ஒட்டிப் பரவிய ரப்பர் தோட்டங்கள் பிற்காலத்தில் பெரும்பாலும் செம்பனைக்கு மாறின. லயங்கள் எனும் தோட்ட வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

கப்பல் சீட்டின் காலம்

தமிழகத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். அந்தச் செலவைத் தோட்ட முதலாளிகள் பகிர்ந்துகொள்வதற்காக 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. பின்னர் இதன் பெயர் இந்தியர் குடியேற்ற நிதி என மாறியது. தாம் வேலைக்கு வைத்திருந்த இந்தியத் தொழிலாளர் கணக்கைக் கொண்டு தோட்டங்கள் இதற்குப் பணம் கட்டின. ஆள் கொண்டுவருவதே நிதியின் முதல் வேலை. நோயாளிகளையும் முதியோரையும் வேலை இழந்தோரையும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும், திரும்ப முடியாத தளர்ந்தவர்களுக்கான விடுதிச் செலவும் இதிலிருந்தே போயின.

ஆக, முதுமைக்கென்று அன்று இருந்த ஏற்பாடு ஊர் திரும்பும் கப்பல் சீட்டுதான். உழைப்பு மலாயாவுக்கு, முதுமைப் பராமரிப்பு பிறந்த கிராமத்துக்கு என்பதே அதன் உட்கிடை. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை சரிந்தபோது, இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

தோட்டக் கூலி குறித்த தகராறை அடுத்து, 1938 ஜூனில் இந்திய அரசு, உதவி பெற்றுக் கப்பலேறும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோட்டங்களில் இருந்தவர்களில் பலர் மலாயாவிலேயே பிறந்தவர்கள். திரும்பிப் போக ஊர் இல்லாதவர்கள். கப்பல் சீட்டால் இவர்களுக்குப் பயனில்லாமல் போயிற்று. குடியேற்ற நிதியின் இடத்தில் 1958இல் வந்த தென்னிந்தியத் தொழிலாளர் நிதியும் 1999இல் கலைக்கப்பட்டு, அதன் சொத்து அரசிடம் சேர்ந்தது.

ஊழியர் சேமநிதி

ஊழியர் சேமநிதி 1951 அக்டோபர் 1ஆம் தேதி நிறுவப்பட்டது. தேசிய அளவிலான சேமநிதிகளில் உலகின் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. இந்தியா இதற்கான அவசரச் சட்டத்தை அதே ஆண்டு நவம்பரில்தான் பிறப்பித்தது. சிங்கப்பூர் 1955இலும், இலங்கை 1958ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தத்தம் நிதிகளைத் தொடங்கின.

மலாயாவில் 1952 ஜூலை முதல் தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு எனச் சந்தா செலுத்தப்பட்டது. மாதம் 100 வெள்ளி (மலாயா நாணயம்) சம்பளம் வாங்கியவர் கணக்கில் 10 வெள்ளி சேர்ந்தது. சந்தா விகிதம் 1975இலும் 1980இலும் 1990களிலும் படிப்படியாக உயர்ந்தது. 2012 முதல், 5,000 வெள்ளியும் அதற்குக் குறைவாகவும் சம்பளம் பெறுவோருக்கு முதலாளி 13 விழுக்காடு கட்டுகிறார். தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு. வழக்கமான (ஷரியா அல்லாத) சேமிப்புக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு இலாப ஈவு உண்டு எனச் சட்டம் உறுதியளிக்கிறது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 1991ஆம் ஆண்டுச் சட்டம் பிடித்தது.

தோட்டத்தில் இந்த நிதி கொண்டுவந்த மாற்றம் பெரியது. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போன பெண்ணுக்கும் தன் பெயரில் தனிக் கணக்கு இருந்தது. முதலாளி மாறினாலும் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போனாலும் கணக்கு அவரோடு வந்தது. ஆனால் சேமிப்பின் அளவு கூலியின் அளவுதான். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலி குறைந்தது, கூலி குறைந்தபோது சந்தாவும் குறைந்தது. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலி உயர்வுக்குப் பேசியபோதெல்லாம் முதுமைப் பணத்துக்கும் சேர்த்தே பேசியதாகிறது. நாடு தழுவிய குறைந்தபட்சச் சம்பளம் 2013இல்தான் வந்தது. தீபகற்பத்தில் அது மாதம் 900 வெள்ளி. அதற்கு முன்பே ஓய்வு பெற்ற தலைமுறைக்கு அதனால் ஒரு காசும் கூடவில்லை.

துண்டான தோட்டங்களும் வேலை அனுமதியும்

1950களில் ஐரோப்பிய உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுகளாகப் பிரித்து விற்றார்கள். இந்தத் துண்டாடலைப் பொருளியலாளர் உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. பெரிய தோட்டத்தில் ஆபீஸ் கிராணி (எழுத்தர்) பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துச் சந்தா கட்டினார். சிறு உரிமையாளரும் குத்தகையாளரும் வந்தபின் அந்தப் பதிவுச் சங்கிலி தளர்ந்தது.

இதற்கு மறுமொழியாகப் பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பங்குத் தொகையைத் தவணையாகக் கட்டி, தோட்டங்களைத் தாங்களே வாங்க இது வழி செய்தது. வேலை தந்த நிலமே முதுமையில் ஈவும் தரவேண்டும் என்பது அதன் நோக்கம். சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம்.

1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெறவேண்டும் என்றது. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு பல ஆண்டு உழைத்தவர்களும் இதில் அடக்கம். சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர் நாட்டை விட்டுப் போனார்கள். நிரந்தரமாக வெளியேறுவோர் 55 வயதுக்கு முன்பே சேமநிதியை எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் கேட்டு வாங்காமல் கப்பலேறியவருக்கு, கடல் கடந்தபின் தன் கணக்கைத் தானே மெய்ப்பிப்பது எளிதன்று.

தோட்டங்கள் மூடப்படும்போது ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை வழங்க 1980ஆம் ஆண்டு விதிகள் வகை செய்தன. சேவை ஆண்டு ஒன்றுக்கு, 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 10 நாள் சம்பளம். 5 ஆண்டுக்குக் குறைவானவருக்கு 15 நாள். அதற்கு மேற்பட்டவருக்கு 20 நாள். இது சேமநிதியிலிருந்து வேறான உரிமை.

சொக்சோ

சேமநிதி, சேர்ந்தது எவ்வளவோ அவ்வளவை மட்டுமே திருப்பித் தரும். முப்பது வயதில் மரத்தடியில் விழுந்தவருக்கு அது போதாது. விபத்துக்கு ஒரேயடியாக இழப்பீடு தரும் 1952ஆம் ஆண்டுச் சட்டமே அதுவரை நடப்பில் இருந்தது. 1971இல் செயல்படத் தொடங்கிய சொக்சோ, வேலை விபத்துத் திட்டத்தோடு இயலாமை ஓய்வூதியத் திட்டத்தையும் கொண்டுவந்தது.

நீங்காத நோயாலோ ஊனத்தாலோ, உடல்நலமுள்ள ஒருவர் ஈட்டும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கையும் ஈட்ட முடியாதவர் இயலாமை ஓய்வூதியம் கோரலாம். மருத்துவ வாரியம் முடிவெடுக்கும். அதை ஏற்காதவர் மேல்முறையீடு செய்யலாம். முழு ஓய்வூதியத்துக்கான அளவுகோல்களில் ஒன்று, முந்தைய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதச் சந்தா. மாத ஓய்வூதியம் சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு. சந்தாதாரர் இறந்தால் எஞ்சியோர் ஓய்வூதியத்தில் மனைவிக்கோ கணவனுக்கோ ஐந்தில் மூன்று பங்கும் பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கும் சேரும். குத்தகையாளரிடம் இடைவெளி விட்டு வேலை செய்பவருக்கு இந்த 24 மாதக் கணக்கே தடையாகிவிடுகிறது.

கணக்கை அறிதலும் கோருதலும்

சேமநிதி உறுப்பினர் தம் கணக்கைக் கைப்பேசிச் செயலியிலும் நிதியின் அலுவலகத்திலும் பார்க்கலாம். சுங்காய் வட்டாரத்தார் மாநிலத் தலைநகர் ஈப்போவில் உள்ள அலுவலகத்தை நாடலாம். பார்க்கவேண்டியது மொத்தத் தொகை மட்டுமன்று. எந்தெந்த மாதம் சந்தா ஏறவில்லை என்பதே முக்கியம். ஒரு மாதச் சம்பளத்துக்கான சந்தாவை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம். சம்பளச் சீட்டு கையில் இருந்தால் புகார் வலுப்பெறும்.

பழைய தொழிலாளர் கோரிக்கைகள் பெரும்பாலும் பெயரிலும் எண்ணிலும் சிக்குகின்றன. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, தோட்டப் பதிவேடு மூன்றிலும் ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கலாம். பழைய அடையாள அட்டை எண் 1990இல் 12 இலக்க எண்ணுக்கு மாறியது. பழைய எண்ணில் தொடங்கிய கணக்கைப் புதிய அட்டையோடு இணைத்த பிறகே பணம் கேட்க முடியும்.

இறந்தவரின் சேமநிதி, அவர் வாரிசுதாரராகப் பெயர் கொடுத்தவருக்குப் போகும். முஸ்லிம் அல்லாதோர் விஷயத்தில் பெயர் குறிக்கப்பட்டவரே அந்தப் பணத்துக்கு உரியவர். பெயர் கொடுக்காதவரின் குடும்பம், தொகை பெரிதாக இருந்தால் சொத்து நிர்வாக உத்தரவு வாங்கவேண்டியிருக்கும். உயிரோடு இருப்பவர் 55 வயதில் பணத்தை எடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. விட்டுவைத்தால் ஈவு சேரும். நூறு வயதுவரை யாரும் கேட்காத தொகை, உரிமை கோரப்படாத பணத்தின் பதிவாளரிடம் போகும். அங்கிருந்தும் உரியவர்கள் கேட்டு வாங்கலாம்.

பிரெஞ்சு முறையோடு ஒப்பீடு

மலேசியச் சேமநிதிக்கு மாறாக, பிரான்சில் 1945ஆம் ஆண்டு ஆணைகளால் அமைந்த சமூகப் பாதுகாப்பு வேறு வழியில் போயிற்று. இன்று உழைப்போரின் சந்தாவே இன்றைய முதியோரின் ஓய்வூதியம். தொகையைத் தீர்மானிப்பவை சம்பளமும், சந்தா கட்டிய காலாண்டுகளின் எண்ணிக்கையும். பணம் சாகும்வரை மாதந்தோறும் வரும். ஆனால் விண்ணப்பிக்காமல் தானாக வராது. வெளிநாட்டில் வாழ்பவர் உயிரோடிருப்பதற்கான சான்றையும் அவ்வப்போது அனுப்பவேண்டும்.

பிரெஞ்சுப் படையில் சேவை செய்த புதுச்சேரித் தமிழர்கள் இந்தச் சான்றோடு பழகியவர்கள். அவர்களின் படை ஓய்வூதியம் தனி வகை. பிரெஞ்சு முறையில் நீண்ட நாள் வாழ்பவரின் செலவை எல்லோரும் பகிர்கிறார்கள். மலேசியச் சேமநிதியில் அந்தச் செலவு தனியொருவர் தலையில் விழுகிறது.

இன்றைய நிலை

2013 முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஆயினும் 55 வயதில் சேமநிதி எடுக்கும் உரிமை நீடிக்கிறது. 55 வயதில் ஒருவரிடம் 240,000 வெள்ளி இருக்கவேண்டும் என 2019இல் சேமநிதி வாரியம் அடிப்படை அளவு வகுத்தது. 20 ஆண்டுக்கு மாதம் 1,000 வெள்ளி என்பது அதன் கணக்கு. சேமிப்பை முன்கூட்டியே எடுக்கக் கொரோனாக் காலத்தில் தரப்பட்ட சிறப்பு அனுமதிகளால் குறைந்த வருமானத்தார் பலரின் கணக்கு ஏறக்குறைய காலியானது. 2024 மே முதல் புதுச் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக் கணக்குக்கும், 15 விழுக்காடு நலக் கணக்குக்கும், எப்போதும் எடுக்கக்கூடிய 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்கும் போகின்றன.

சொக்சோவின் வட்டமும் விரிந்துள்ளது. சொந்தத் தொழில் செய்வோருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டமும், இல்லத்தரசிகளுக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. சேமிப்போ சந்தாப் பதிவோ இல்லாத ஏழை முதியோருக்குச் சமூக நல இலாகாவின் மாத உதவி உண்டு. அது உழைத்த ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. இன்றைய வறுமையை மட்டுமே பார்க்கிறது. தோட்டம் கைமாறி, பதிவேடு தொலைந்து, குத்தகையாளரிடம் வேலை செய்தே ஓய்ந்தவர்கள் கடைசியில் நாடுவது பெரும்பாலும் இந்த உதவியைத்தான்.