சமையல்காரர் உட்கார்ந்திருந்த காலம்

பெரிய ரெஸ்டாரன்ட்டுகளில் இன்றைக்கு மவுசு அதிகம் உள்ள இடம், சமையல்காரருக்கு நேர் எதிரே போட்டிருக்கும் நாற்காலி. செஃப் கவுண்டர் என்கிறார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் கதையே வேறு. சமைப்பவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டவர் தெருவில் நின்றவர். பார்க்காமல் சாப்பிட முடிந்தவர்தான் பணக்காரர்.

அன்றைய எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து தொடங்குகிறேன். சுமார் பத்து லட்சம் பேர் வாழ்ந்த ஊர். பிழைக்க வந்து தனியாகத் தங்கிய ஆண்கள் ஏராளம். எங்கு பார்த்தாலும் மரவீடுகள். 1657இல் பற்றிய தீயில் நகரத்தின் பெரும்பகுதி சாம்பலானது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை வீட்டுக்குள் வைக்கப் பயந்த ஊரில் டெம்புரா தெருக்கடைச் சாப்பாடாக வளர்ந்தது. 1820கள் வாக்கில் நிகிரி சுஷியும் அதோடு சேர்ந்துகொண்டது. ஹனயா யோஹெய் என்பவர் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். நிகிரி என்றால் கையால் பிடித்தது. நம் பிடிகொழுக்கட்டை மாதிரி. இப்போதைய சுஷியைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியது. இரண்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கடைக்காரர் உட்கார்ந்துகொண்டு பிடித்துக் கொடுப்பார். சாப்பிடுகிறவர்தான் நிற்பார்.

அதே நூற்றாண்டின் ஐரோப்பாவில் சமையலறை கதவுக்குப் பின்னால் இருந்தது. 1890இல் லண்டன் சவோய் ஓட்டலுக்கு வந்த எஸ்கோஃபியே, சமையல்காரர்களை ராணுவம் போல அணி பிரித்தார். மேசையில் இருந்தவருக்கு அந்த ராணுவம் தெரியாது. தெரிந்ததெல்லாம் பரிமாறுபவரின் வெள்ளைக் கையுறை. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை பாரிஸில் பாத்திரம் கழுவிய ஜார்ஜ் ஆர்வெல் 1933இல் புத்தகமாகவே எழுதினார். அழுக்கு, வசவு, வேர்வை. மேசைக்குக் கொடுத்த காசில் பாதி, இதையெல்லாம் பார்க்காமல் இருப்பதற்கான கூலி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானில் போருக்குப் பிறகு பஞ்சம். 1947இல் உணவகங்களுக்கே தடை வந்தது. சுஷிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: அரிசியை நீங்களே கொண்டுவாருங்கள், கூலிக்குப் பிடித்துத் தருகிறோம். ஒரு கோ, அதாவது கிட்டத்தட்ட 150 கிராம் அரிசிக்குப் பத்து சுஷி. பிறகு சுகாதாரத்தின் பேரில் தெருக்கடைகள் ஒழிந்தன. அந்தப் பலகை கடைக்குள் போனது, அதன் முன்னால் நாற்காலி வந்தது. இப்போது சாப்பிடுபவர் உட்கார்ந்தார், சமையல்காரர் எழுந்து நின்றார்.

1958இல் ஒசாகா பக்கம் ஷிராயிஷி யோஷியாகி, பீர் ஆலையின் நகரும் பட்டையைப் பார்த்து, சுஷித் தட்டுகளை அதேபோல் சுற்றவிட்டார். விலை இறங்கியது. கூடவே, சாதாரண ஜனங்களுக்குச் சமையல்காரர் முகமும் விலகிப்போனது.

அந்த முகத்தைத்தான் பணக்காரர்கள் வாங்கினார்கள். ஓய்வு பெற்றிருந்த ஜோயல் ரோபுஷோன் 2003இல் டோக்கியோவிலும் பாரிஸிலும் மறுபடி கடை திறந்தபோது, சுஷி கவுண்டரையும் ஸ்பெயினின் தபாஸ் கடையையும் மனதில் வைத்து, திறந்த சமையலறையைச் சுற்றி நாற்காலி போட்டார். நான்கு வருஷத்தில், கின்சாவில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் பத்தே இருக்கைகள் கொண்ட சுகியாபாஷி ஜிரோவுக்கு மிஷலினின் மூன்று நட்சத்திரம் கிடைத்தது.

சரி, எங்கே உட்காரலாம்? மேசைக்கு ஒரு மரியாதை உண்டு. விலை பார்த்து ஆர்டர் பண்ணலாம், பாதியில் வைத்துவிட்டு அரட்டை அடிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கவுண்டரில் ‘ஒமகாசே’, அதாவது ‘உங்க இஷ்டம்’ என்று சொன்ன பிறகு தேர்வு நம்முடையது இல்லை. நாம் எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த நம்பிக்கை எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே தெரிவது மாஸ்டரின் கை மட்டும்தான். பாத்திரம் கழுவுகிறவர் இன்னமும் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறார்.

2019இல் மிஷலின், ஜிரோவைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சுவை குறைந்ததால் இல்லை. பொதுமக்கள் யாரும் அங்கே இடம் பதிவு செய்ய முடியாது என்பதால். கதவே இல்லாத தெருக்கடையில் ஆரம்பித்த பலகை அது.